தொண்டும் தொழிலும்

மாங்கேணிக் கரையிலே கரைவலை இழுத்துப் பிழைக்கும் குடும்பமொன்றைச் சேர்ந்த மாணவி அவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவள். சென்ற மாதம் ஒரு மாலை எம்மைத் தேடி வந்து, "சேர், சமூகப்பணி என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறதாம். விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டாள். தாராளமாக விண்ணப்பிக்கலாம் என்றோம். அவள் எழுந்து போகவில்லை. "அப்பா கேட்கிறார், ஏழைக்கு உதவ மனம் இருந்தால் போதாதா, அதற்கு ஒரு கடுதாசி எதற்கு என்று. நான் என்ன சொல்லட்டும், சேர்?" என்றாள்.

அவ்வேளையில் எம்மால் தக்க விடை கூற இயலவில்லை. கேட்டவர் சாதாரணமானவரல்லர், உதவி என்ற பெயரில் இக்கரைக்கு வந்தவை அனைத்தையும் கண்டவர். 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளியின்போது தாயின் மடியிற் குழந்தை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிலே வள்ளத்தையும் வலையையும் இழந்தவர். 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வாகரைப் பிரதேசம் போர்க்களமானபோது பிள்ளைகளைத் தோளிலே சுமந்து நடந்தவர். ஒவ்வொரு முறையும் உதவி வாகனமேறி வந்தது, படமெடுத்தது, போய்விட்டது. ஆகவே அவர் எழுப்பிய வினாவை ஏளனமாகக் கொள்ளாது, வரலாறு பற்றிய வினாவாகவே நாம் கொள்ள விரும்புகிறோம். பிறர்க்கு உதவுதல் எப்பொழுது, எவருடைய தேவையினால், கற்றுத் தேறவேண்டிய தொழிலாயிற்று?

தமிழ் மரபிலே உதவிக்குப் பெயர்கள் பல. வள்ளுவர் ஒப்புரவை ஓர் அதிகாரமாகவும் ஈகையை வேறோர் அதிகாரமாகவும் வகுத்தார். ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் பொருளை ஊர்க்குரியதாய்க் கருதுவது ஒன்று. வறியவனுக்குக் கொடுப்பது மற்றொன்று. பிற்கால உரையும் வழக்கும் இவ்வேறுபாட்டை மழுங்கடித்துவிட்டன என்பது எமது எண்ணம். மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்ததை எல்லோரும் அறிவர். அவள் அரசனிடம் கேட்ட வரம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுமென்பதே என்பதை வகுப்பறையிலே நாம் அழுத்திச் சொல்வதில்லை. சோறு கொடுத்ததோடு நில்லாமல் ஓர் அரச நிறுவனத்தையே மாற்றும்படி கேட்டவள் அவள்.

எனினும் நடைமுறையிலே நிலைத்தது ஈகைதான். எம் மட்டக்களப்பு நாட்டிலே அறுவடை முடிந்ததும் போடியாரின் களத்திலே ஏழை எளியவர்க்கு நெல் அளந்து கொடுத்தார்கள். கொடுத்த கை நல்ல கையே. ஆனால் ஆண்டு முழுதும் அவ்வயலிலே உழைத்த முல்லைக்காரனுக்குக் கூலி அளந்ததும் அதே கைதான். கூலி குறைவாய் இருந்தமையாலேயே தருமம் தேவைப்பட்டது என்பதைக் களத்திலே நின்று சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. சொல்வதற்கு வேண்டிய கணக்கும் எவர் கையிலும் இருக்கவில்லை.

இந்தக் கணக்கு என்பதிலேதான் எமது வரலாறு தொடங்குகிறது.

பிரித்தானியாவிலே 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், உதவி கேட்டு வந்தவனைத் தொழிற்சாலை போன்ற விடுதிகளுக்குள் அடைத்தது. 1869இல் இலண்டனிலே தோன்றிய தரும ஒழுங்கமைப்புச் சங்கம் வீடு வீடாகச் சென்று விசாரித்தது. உதவிக்குத் தகுந்த ஏழை, தகாத ஏழை என இரு வகுப்பாக்கியது. குடிப்பவன் தகாதவன், கைம்பெண் தகுந்தவள். வறுமை ஒழுக்கக் கேட்டின் விளைவு என்பதே அதன் அடிப்படை. இந்தச் சிந்தனை இறந்துவிட்டதென்று வாசகர் கருதவேண்டாம். நிவாரணப் பட்டியல் வாசிக்கப்படும் எந்தக் கிராமத்துக் கூட்டத்திலும் அது இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

1889இல் சிக்காகோ நகரிலே ஜேன் அடம்ஸ், எலன் ஸ்ரார் என்னும் இரு பெண்கள், குடியேறிய தொழிலாளர் நெருக்கமாய் வாழ்ந்த பகுதியிலே 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் தொடங்கி அங்கேயே குடியிருந்தனர். அவர்களும் நல்ல மனத்தோடு வந்தவர்களே. ஆயின் அண்டை வீட்டாரோடு வாழத் தொடங்கியதும், மனம் மாத்திரம் போதாது என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. வீடு வீடாகக் கூலியையும் பிறந்த நாட்டையும் கேட்டறிந்து, வண்ணம் தீட்டிய வரைபடங்களாக 1895இல் வெளியிட்டனர். அவ்வில்லத்தில் வாழ்ந்த புளோரன்ஸ் கெலி 1893இலே இலினோய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகரானார். சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் அவ்வாண்டே அங்கு வந்தது. கைக்குழந்தைக்குப் பால் வார்ப்பதில் தொடங்கிய வேலை, அக்குழந்தையின் அண்ணன் ஏன் தொழிற்சாலைக்குப் போகிறான் என்ற கேள்வியில் வந்து நின்றது.

கல்விக்கூடங்களும் இக்காலத்திலேயே தோன்றின. 1898இல் நியூயோர்க்கிலே ஒரு கோடைகால வகுப்பு. 1899இல் அம்ஸ்ரர்டாமிலே முறையான கல்லூரி. 1908இல் பேர்லினிலே அலிஸ் சலமன் பெண்களுக்கென நிறுவிய பள்ளி. யூதக் குடும்பத்திற் பிறந்த சலமனை 1937இல் நாசி அரசு நாட்டைவிட்டே துரத்தியது. ஏழையின் நிலையை ஆராயும் கல்வி எல்லா அரசுகளுக்கும் உகந்ததன்று.

தொழில் என்ற தகுதி இதற்கு உண்டா என்ற ஐயமும் எழாமலில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைத் தமது அறிக்கையினால் உலுக்கிய ஏபிரகாம் பிளெக்ஸ்னர், 1915இல் போல்ரிமோர் மாநாட்டிலே சமூகப்பணி தொழிலா என ஆராய்ந்து, அதற்கெனத் தனி நுட்பம் இல்லையாதலால் இன்னும் தொழிலாகவில்லை என்று முடித்தார். இரண்டாண்டு கழித்து மேரி ரிச்மண்ட் தமது பெருநூலிலே, ஒருவரது நிலையைக் குடும்பம், வேலை, மருத்துவம், பள்ளி, அயல் ஆகிய பல தளங்களிலிருந்து சான்று திரட்டி உய்த்துணரும் முறையை வகுத்துக் காட்டினார். இவ்வம்மையார் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். பட்டமில்லாத ஒருவர்தான் பட்டப்படிப்புக்கு அடிப்படை இட்டார் என்பதை எம் மாணவியின் தந்தை கேட்டால் நிச்சயம் சிரிப்பார். சிரிக்கட்டும். ரிச்மண்ட் அம்மையார் பல்லாண்டுகள் தட்டித் தடுமாறிக் கற்றதைப் பின்வருவோர் தடுமாறாமற் கற்கவேண்டும் என்பதற்காகவே அவர் அந்நூலை எழுதினார். தடுமாற்றத்தின் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைகளல்லவா?

இனி எம் நாட்டுக்கு வருவோம். 1934-35இல் இலங்கையைப் பீடித்த மலேரியாக் கொள்ளைநோயிலே ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். அப்பொழுது கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்றவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞர் குறிப்பிடத்தக்கவர். மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் மருந்தும் பருப்பும் எடுத்துச் சென்றனர். பருப்புப் பங்கிட்டமையால் பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பெயரே ஏற்பட்டது. நோயைக் காண வந்தவர்கள் கண்டது பசியை. நுளம்பு கடித்தது எல்லோரையும். இறந்தவர் பெரும்பாலும் உண்ண வழியற்றவர். இந்த அறிவு அவர்களை நிவாரணத்தோடு நிற்கவிடவில்லை. 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாசக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலே பெரேராவும் குணவர்த்தனவும் அரசாங்க சபைக்குச் சென்றனர்.

இவ்விடத்திலே ஒரு தடை எழுப்பப்படலாம். இவர்கள் சமூகப்பணி கற்றவர்களல்லரே. நல்ல மனம் ஒன்றே போதுமாயிருந்தது அல்லவா? போதுமாயிருக்கவில்லை. விக்கிரமசிங்க தேர்ந்த மருத்துவர். பெரேரா இலண்டன் பொருளியற் கல்லூரியிலே ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். குணவர்த்தன அமெரிக்காவில் விஸ்கொன்சின் வரை சென்று பயின்றவர். குடிசை வாசலில் நின்று, இது விதியன்று, விலைவாசியும் நிலவுடைமையும் கூடிச் செய்த வேலை என்று இனங்காண அவர்களால் முடிந்தமைக்கு அவர்களுடைய படிப்பு ஒரு காரணம். அத்தகைய படிப்பு அன்று கடல்கடந்து செல்லக்கூடிய சிலருக்கே கிட்டியது.

மலேரியாவுக்கு அடுத்த ஆண்டு, 1936இல், பம்பாயிலே சேர் டொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்கல்விப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆசியாவிலே இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று அது. ஆலைத் தொழிலாளரும் ஏழைகளும் செறிந்த நாகபாடாப் பகுதியில் அயலவர் இல்லமொன்றை நடத்திவந்த அமெரிக்கப் பாதிரியார் கிளிபர்ட் மான்சார்ட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப் பின் 1941இல் பொறுப்பேற்றவர் தமிழர். தஞ்சைத் தொடர்புடைய குடும்பத்தினர். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர், ஜே.எம். குமரப்பா என்பது பெயர். 1944இல் டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் எனப் பெயர் மாறியது. பிரிவினையின்போது குருசேத்திர அகதி முகாமிலே அதன் மாணவரும் ஆசிரியரும் பணியாற்றினர். பாடநூலிலே தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய ஒழுங்கமைப்பு என்று படித்தவர்கள், கூடாரம் கூடாரமாக இலட்சக்கணக்கானோர் கிடந்த இடத்திலே அம்மூன்றையும் ஒருங்கே செய்ய நேர்ந்தது. களப்பயிற்சியின்றி இப்படிப்பு இல்லை என்ற விதி எங்கும் கைக்கொள்ளப்படுவதன் பொருளை அங்கே காணலாம். வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் களம். களத்திலே செய்ததை எழுதி, வழிகாட்டியின் முன் வைத்து, செய்த பிழையைக் கேட்டுக்கொள்வது. மருத்துவ மாணவன் நோயாளியின் படுக்கையருகே கற்பது போன்றது.

1964இலேதான் அந்நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. அதே 1952இல் கொழும்பிலும் ஒரு சமூகப்பணி நிறுவனம் தோன்றியது. இவ்விரண்டும் ஒரே ஆண்டிற் பிறந்தவை, வளர்ச்சியோ ஒன்றாயில்லை.

கொழும்புக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1939இல் இயற்றப்பட்ட இலங்கை வறியோர் சட்டம் பெரிய மாநகரங்களோடு நின்றது. மட்டக்களப்புக் கரையிலுள்ளவனுக்கு அது இருப்பதே தெரியாது. 1944இல் சமூக சேவைகளை ஆராய ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அறிக்கை 1947இல் வெளிவந்தது. 1948இல் சமூக சேவைத் திணைக்களம் உருவாயிற்று. 1944இன் நன்னடத்தைச் சட்டத்தின் வழியே வந்த பணிகள் 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமாயின. உத்தியோகத்தர் நியமனமாயினர். இவர்களுக்கு யார் கற்பிப்பது? நாட்டின் சமூக சேவை பற்றி அறிக்கை எழுதியவர் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தும், அப்பல்கலைக்கழகத்திலே சமூகப்பணிக்கு ஒரு பட்டம் ஏற்படவில்லை. சட்டத்துக்குப் பட்டம் உண்டு, மருத்துவத்துக்கு உண்டு, பண்டைய மொழிகளுக்கும் உண்டு. தமிழ்ப் பட்டதாரியாகிய நாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏழைக்கென ஏற்பட்ட வேலைக்கு மட்டும் சான்றிதழ் போதும் என்று நாடு எண்ணியது.

1952இலே தன்னார்வமாகத் தோன்றிய அந்நிறுவனம் பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005இல் வந்தது, முதுமாணி 2008இல். கணக்கிட்டுப் பார்த்தால், நிறுவனம் தோன்றிப் பட்டம் வர 53 ஆண்டுகள். இடையிலே 1971, 1977, 1983, 1987 முதலிய ஆண்டுகள் இந்நாட்டுக்கு எத்தகையவையாயிருந்தன என்பதை வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. காணாமற்போனவரும் கைம்பெண்களும் அகதிகளும் பல்லாயிரமாய்ப் பெருகிய காலத்திலே, அவர்களோடு நின்று பணியாற்றும் தொழிலுக்கு நாட்டிற் பட்டம் இல்லை. மட்டக்களப்பிலே அவ்வெற்றிடத்தை நிரப்பியவர்கள் பெண்கள் அமைப்பினர், துறவியர், ஆசிரியர், தாதியர். அவர்களுடைய தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உயிரைப் பணயம் வைத்து நின்றவர்கள் பலர். எழுதாமலும் கற்பிக்காமலும் போனமையால் அவர்கள் கண்டறிந்தவற்றுட் பெரும்பகுதி அவர்களோடு போயிற்று என்பதே எமது வருத்தம்.

2005 என்பதைக் கண்டதும் மாங்கேணியான் எவனும் அதற்கு முந்திய டிசம்பரை நினைப்பான். நாம் அப்போது பள்ளிச் சிறுவர். நலன்புரி நிலையத்திலே தறப்பாளின்கீழ் இருந்தோம். ஒரு காலை சிலர் வந்து எம்மை வட்டமாக இருத்தி, வண்ணப் பென்சில் கொடுத்து, கடல் வந்ததை வரையச் சொன்னார்கள். மறுநாள் வேறு சிலர் வந்து அதையே கேட்டார்கள். மூன்றாம் முறை கேட்டபோது, தம்பியை இழந்த எம் தோழன் ஒருவன் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு அன்று முழுதும் பேசவேயில்லை. வந்தவர்கள் கெட்டவர்களல்லர், கண்கலங்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள் எவரும் மீண்டும் வரவில்லை.

நடந்ததைச் சொல்லவைத்தால் துயரம் ஆறும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அத்தகைய ஒருமுறைச் சந்திப்பு பின்வரும் மனநோயைத் தடுப்பதற்குச் சான்றில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று 2002ஆம் ஆண்டின் கொக்ரேன் மருத்துவத் தொகுப்பாய்வு சொல்லியிருந்தது. அது எழுதப்பட்ட பின்னரே எம் கையிலே பென்சில் திணிக்கப்பட்டது. 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புக்களும் பிற நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட அனர்த்தகால உளசமூக வழிகாட்டி, முதலில் தீங்கு செய்யாதே என்பதை அடிப்படையாக்கியது. உணவும் பாதுகாப்பும் குடும்ப இணைப்பும் முதற்படி. சிறப்புச் சிகிச்சை தேவைப்படுவோர் சிலரே. நல்ல மனம் போதாதா என்று கேட்பவர்க்கு அந்தக் கிழிந்த தாளைவிடத் தெளிவான விடையை நாம் அறியோம். அந்நாளிலே எமக்கு உண்மையில் உதவியவர் ஓர் இளம் பெண். படம் வரையச் சொல்லவில்லை. எவருடைய அடையாள அட்டை போயிற்று, எவருடைய மரணம் பதியப்படவில்லை, எந்தப் பிள்ளை எவரோடு இருக்கிறது என்று ஒரு கொப்பியிலே குறித்தார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விதிகள் செய்தபோது, எந்த உறவினர் பிள்ளையைப் பேணுவார், எவர் நிவாரணத்துக்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்ல அப்படியொரு கொப்பிதான் தேவைப்பட்டது. அவர் எங்கோ முறையாகப் பயிற்சி பெற்றவர் என்பதைப் பிற்காலத்திலே அறிந்தோம்.

ஆயினும் தொழிலாதலில் ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டோம். தகைமை பெற்றவர் மேசைக்கு அப்பால் இருக்கக் கற்றுக்கொள்கிறார். கடனிலே மூழ்கிய பெண்ணுக்குச் சிக்கனம் போதிக்கிறார். எம் மாவட்டத்துக் கிராமங்களிலே நுண்கடன் வாரந்தோறும் வாசலில் வந்து நின்றதையும், 2018இல் வரட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க நேர்ந்ததையும் அறிந்தவர்க்கு, குறை அப்பெண்ணின் வரவுசெலவிலா, வட்டியிலா என்பது விளங்கும். இதை விளங்காத பட்டதாரி, 1869ஆம் ஆண்டு இலண்டன் சங்கத்து விசாரணையாளரின் பேரப்பிள்ளைதான்.

இவ்வாபத்தை உள்ளிருந்தே கண்டவர் அமெரிக்கரான பேர்தா றெனோல்ட்ஸ். புகழ்பெற்ற ஸ்மித் கல்லூரியின் சமூகப்பணிப் பள்ளியிலே இணை இயக்குநராயிருந்து, மார்க்சியக் கருத்தினராய், 1938இல் அதைவிட்டு விலகியவர். போர்க்காலத்தில் 1943 முதல் தேசியக் கடலோடிகள் தொழிற்சங்கத்திலே பணியாற்றினார். அங்கே உதவி பெற்றவர் பிச்சை கேட்டு வந்தவரல்லர், சங்க உறுப்பினர்.  கப்பல் மூழ்கிய மாலுமியும், அவன் மனைவியும் தம் சொந்த அலுவலகத்துக்குள் நுழைவதுபோல் நுழைந்தனர். தகுந்தவனா தகாதவனா என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. ஒப்புரவு என்று வள்ளுவர் வைத்த பெயருக்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டை இத்துறையின் வரலாற்றிலே நாம் கண்டதில்லை.

சென்ற ஞாயிறு கரைக்குச் சென்றோம். மாணவியின் தந்தை வலை பொத்திக்கொண்டிருந்தார். மேலே எழுதியவற்றுட் பலவற்றைச் சொன்னோம். றெனோல்ட்ஸ் அம்மையாரின் மாலுமிகளைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். "சங்கத்துக்குள்ளயே அந்த வேலை நடந்ததா?" என்று கேட்டார். ஆம் என்றோம். பின்னர் மகளைப் பார்த்து, "படிச்சு முடிச்சா இங்க வருவியா, கொழும்பிலயே நிண்டிருவியா?" என்றார். அவள் உடனே பதில் சொல்லவில்லை. அது நியாயமான மௌனம். மாங்கேணிக்கு வருவதற்கு இங்கே நியமனம் இருக்கவேண்டுமே. அவர் விண்ணப்பத்தை வாங்கி, கையைச் சாரத்திலே துடைத்துவிட்டு, ஒப்பமிட்டார். தங்குமிடச் செலவைப் பற்றி அடுத்த கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.